நெல்லுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்

நெற்பயிரின் வேர், தண்டு, இலையுறை, இலை, விதை ஆகிய எல்லாப் பாகங்களிலும், திசுக்களின் உட்புறத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பயிருக்கு நோய் எதுவும் உண்டாக்காமல் அதன் உடலுக்குள்ளேயே வாழ்நாளின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கழிப்பதால் இவற்றை உள்வாழ் பாக்டீரியாக்கள் என்கிறார்கள். நன்றாகத் தூர்கட்டி நிற்கும் ஒரு நெற்பயிரின் வேரை எடுத்தால், ஒரு கிராம் வேருக்குள் சில ஆயிரம் முதல் பத்து லட்சம் வரை இவை இருக்கக்கூடும். தண்டிலும் இலையிலும் எண்ணிக்கை குறைவு. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். பயிரின் வெளித்தோற்றத்தில் இவை இருப்பதற்கான அடையாளம் ஒன்றும் தெரியாது. ஆனால் வேர் எவ்வளவு ஆழம் போகிறது, வறட்சியில் பயிர் எத்தனை நாள் தாங்குகிறது, குலைநோய் வந்தால் எந்த அளவுக்குச் சேதமாகிறது என்பவற்றில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

தாவரத்தின் மேல் வாழும் உயிர்களிலிருந்து உள்ளே வாழ்பவற்றைத் தனியாகப் பிரித்துப் பேசியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி; ஆண்டு 1866. அவருடைய கவனம் பெரும்பாலும் பூஞ்சைகளின் மீதுதான் இருந்தது. அதன் பிறகும் நெடுங்காலம், நலமான செடிக்குள் பாக்டீரியா இருக்காது என்றே பலரும் நம்பினார்கள். இருந்தால் அது நோய்க்கிருமியாக இருக்க வேண்டும், அல்லது ஆய்வகத்தில் கவனக்குறைவால் கலந்த அழுக்காக இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். நெல்லைப் பொறுத்தவரை 1980களிலும் 1990களிலும்தான் இந்த எண்ணம் உறுதியாக மாறியது.

மாற்றத்துக்குக் காரணம், உள்ளே இருப்பதையும் வெளியே ஒட்டியிருப்பதையும் பிரித்தறியும் சோதனை முறை. வயலிலிருந்து பிடுங்கிய வேரை முதலில் மண் போகக் கழுவுகிறார்கள். பிறகு ஆல்கஹாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் சில நிமிடங்கள் முக்கி எடுக்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் இதில் இறந்துவிடும். அடுத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் பலமுறை அலசுகிறார்கள். கடைசியாக அலசிய தண்ணீரை அவர்கள் கொட்டிவிடுவதில்லை. அதில் ஒரு துளியை அகார் தட்டில் பரப்பி வைக்கிறார்கள். அந்தத் தட்டில் எதுவும் வளரவில்லை என்றால்தான் வேரின் மேற்பரப்பு சுத்தமானதாகக் கணக்கு. அதன் பிறகே வேரைக் கல்லுரலில் அரைத்து, அந்தச் சாற்றைத் தட்டில் இடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் மஞ்சள், வெள்ளை, வெளிர் ஆரஞ்சு என்று புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் எழும்பும். அத்தனையும் வேருக்குள் இருந்து வந்தவை.

எல்லா பாக்டீரியாக்களும் தட்டில் வளர்வதில்லை. அவற்றை மரபணுவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முக்கியமானது. வேரை ஒட்டிய மண், வேரின் மேற்பரப்பு, வேரின் உட்புறம் என்று மூன்று பகுதிகளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று அவர்கள் பார்த்தார்கள். மண்ணிலிருந்து உள்ளே போகப் போக வகைகள் குறைந்துகொண்டே வந்தன. நெல் தனக்கு வேண்டியவற்றை மட்டும் உள்ளே அனுமதிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. கிருமியற்ற நாற்றை வயல் மண்ணில் நட்டபோது, ஒரே நாளுக்குள் வேருக்குள் பாக்டீரியாக்கள் சேரத் தொடங்கின; ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்தக் கூட்டம் நிலைபெற்றது.

உள்ளே நுழையும் வழி

நெல்லின் பக்கவேர்கள் தாய்வேரின் உட்பகுதியில் உருவாகி, அதன் புறத்தோலைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. அந்தப் பிளவுதான் பாக்டீரியாக்களின் முதன்மையான நுழைவழி. வேர்நுனிக்குச் சற்று மேலே, செல்கள் நீண்டு வளரும் இளம் பகுதியும் மற்றொரு வழி. நாற்றைப் பறிக்கும்போது அறுந்த வேர்களும் காயம்பட்ட இடங்களும் இதே வேலைக்கு உதவுகின்றன. வேரிலிருந்து கசியும் சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் பாக்டீரியாக்களை அழைக்கின்றன. நீந்தும் இழை கொண்டவை அந்தத் திசையில் நகர்ந்து வந்து வேரில் ஒட்டிக்கொள்கின்றன.

சில பாக்டீரியாக்கள் பிளவுக்காகக் காத்திருப்பதில்லை. செல்சுவரின் செல்லுலோஸையும் பெக்டினையும் சிறிதளவு கரைக்கும் நொதிகளைச் சுரந்து செல்களுக்கு இடையே வழி செய்துகொள்கின்றன. அசோவார்கஸ் என்ற பாக்டீரியாவில் அத்தகைய நொதி ஒன்றை உண்டாக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தபோது, அதனால் நெல் வேருக்குள் முன்போல் பரவ முடியவில்லை. நோய்க்கிருமிகளும் இதே வகை நொதிகளைத்தான் பயன்படுத்துகின்றன. அவை தாராளமாகச் சுரந்து திசுவை அழுகச் செய்கின்றன. உள்வாழ் பாக்டீரியா வழிக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறது.

உள்ளே நுழைந்தவை பெரும்பாலும் செல்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் தங்குகின்றன. நெல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீர் நிற்கும் சேற்றில் வேர் மூச்சுத் திணறாமல் இருக்க, இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் காற்றறைகள் அதன் உடலில் இருக்கின்றன. இந்தக் காற்றறைகளில் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. சில, நீர் செல்லும் குழாய்களில் ஏறித் தண்டுக்கும் இலைக்கும் போய்ச் சேர்கின்றன. பச்சை ஒளி வீசும் புரதத்தின் மரபணுவைப் பாக்டீரியாவில் பொருத்தி, நுண்ணோக்கியில் இந்தப் பயணத்தை நேரடியாகப் பார்க்க முடிகிறது.

பயிர் இவற்றை ஏன் விரட்டுவதில்லை? நெல்லுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டு. பாக்டீரியாவின் நீந்தும் இழையில் உள்ள புரதத்தை அது இனம்கண்டு எச்சரிக்கை அடைகிறது. உள்வாழ் பாக்டீரியா நுழையும்போதும் சிறிதளவு எதிர்ப்பு எழத்தான் செய்கிறது. அதனால்தான் அவற்றின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கிறது. அசோவார்கஸின் முழு மரபணுத் தொகுதி 2006இல் வெளியானபோது ஒரு செய்தி தெளிவாயிற்று: பல நோய்க்கிருமிகள் தம் புரதங்களைப் பயிரின் செல்லுக்குள் ஊசிபோல் செலுத்தப் பயன்படுத்தும் அமைப்பு அதில் இல்லை. பயிரைத் தாக்கும் கருவியே இல்லாததால் பயிரின் கடும் எதிர்ப்புக்கும் அது ஆளாவதில்லை. ரகத்துக்கு ரகம் இந்த இணக்கம் மாறுகிறது. ஒரு ரகத்தில் தாராளமாகப் பரவும் அதே பாக்டீரியா, வேறொரு ரகத்தில் வேரின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

வேரும் வளர்ச்சியும்

உள்வாழ் பாக்டீரியாக்கள் செய்யும் நன்மைகளில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது வேரின் மாற்றம். இவற்றில் பல ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கின்றன. அதனால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. வேரின் பரப்பு கூடினால் மண்ணிலிருந்து தண்ணீரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கும். மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரிம அமிலங்களால் கரைத்துக் கொடுப்பவையும் உண்டு.

பயிர் துன்பத்தில் இருக்கும்போது இவற்றின் உதவி வேறு விதமானது. வறட்சி, உப்பு, வெள்ளம் ஆகியவற்றில் சிக்கிய பயிர் எத்திலீன் வாயுவை அதிகமாக உண்டாக்குகிறது. எத்திலீன் மிகுந்தால் வேர் வளர்ச்சி தடைபடும், இலைகள் முதிருமுன் பழுக்கும். எத்திலீன் உருவாவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் ஒரு சேர்மத்தைச் சில பாக்டீரியாக்கள் உடைத்துத் தமக்குத் தழைச்சத்தாக எடுத்துக்கொள்கின்றன. அந்த அளவுக்கு எத்திலீன் குறைகிறது. பயிர் நெருக்கடியைக் கடக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. கொரியாவில் நெல் தண்டின் உட்புறத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 2007இல் மெத்திலோபாக்டீரியம் ஒரைசே என்று பெயர் பெற்ற இனத்துக்கு இந்தத் திறன் உண்டு.

மெத்திலோபாக்டீரியங்களின் வாழ்க்கை தனிச் சுவை உடையது. இலை வளரும்போது அதன் செல்சுவர்களிலிருந்து மெத்தனால் வெளியாகிறது. மற்ற பல உயிர்களுக்கு நஞ்சான அந்த மெத்தனாலை இவை உணவாகக் கொள்கின்றன. பதிலுக்குச் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைப் பயிருக்குத் தருகின்றன. இவை இருப்பதைக் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. மெத்தனால் கலந்த அகார் தட்டின் மீது நெல் இலை ஒன்றை மெல்ல அழுத்தி எடுத்துவிட வேண்டும். சில நாட்களில், இலை பட்ட இடத்தில் மட்டும், இலையின் வடிவிலேயே இளஞ்சிவப்புக் கூட்டங்கள் வரிசையாக எழும்பி நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த வகைப் பாக்டீரியாவைத் திரவ வடிவில் தயாரித்து, வறட்சிக் காலத்தில் இலைவழித் தெளிப்புக்குப் பரிந்துரைக்கிறது. உழவர்களிடையே பி.பி.எஃப்.எம். என்ற பெயரில் அது அறிமுகமாகியிருக்கிறது.

தழைச்சத்து என்ற பெரிய கனவு

ஒரு டன் நெல் விளைய பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் நிற்கும் வயலில் இடும் யூரியாவில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மீதி ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது. காற்றில் 78 விழுக்காடு இருக்கும் நைட்ரஜனைப் பயறு வகைகள் வேர்முடிச்சுகளின் உதவியால் பயன்படுத்திக்கொள்வதுபோல் நெல்லும் செய்துகொண்டால் எவ்வளவு நல்லது என்ற எண்ணம் விஞ்ஞானிகளை நெடுநாளாகத் துரத்திவந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஜே. கே. லதா உள்ளிட்டோர் நெல்லுக்குள் வாழும், காற்று நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்களைத் தேடினார்கள்.

அசோவார்கஸ் வந்த இடம் இதில் கவனிக்கத்தக்கது. பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில், உவர்ப்பு ஏறிக் கெட்டுப்போன நிலங்களில் கல்லார் புல் என்ற தீவனப் புல்லை உரம் இடாமலே வளர்க்கிறார்கள். உரமில்லாமல் அந்தப் புல் எப்படிச் செழிக்கிறது என்று ஆராய்ந்த பார்பரா ரைன்ஹோல்ட்-ஹுரெக்கும் அவருடைய குழுவினரும் அதன் வேருக்குள் அசோவார்கஸைக் கண்டார்கள். பிறகு அது நெல் வேருக்குள்ளும் குடியேறும் என்று காட்டினார்கள். நைட்ரஜனை நிலைப்படுத்தும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் செயலிழந்துவிடும். வேரின் காற்றறைகளில் ஆக்ஸிஜன் அளவு குறைவாக இருப்பதால் அங்கே அந்த நொதி வேலை செய்ய முடிகிறது. பிரேசிலில் யோஹன்னா டோபெரைனரின் குழு, 1986இல் ஹெர்பாஸ்பிரில்லம் செரோபெடிக்கே என்ற மற்றொரு பாக்டீரியாவுக்குப் பெயரிட்டது. ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் செரோபெடிக்கா என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதுவும் நெல்லிலும் பிற புல்வகைப் பயிர்களிலும் வாழ்வது.

2000இல் வெளியான ஓர் ஆய்வு, அசோவார்கஸும் அதன் உறவினங்களும் காட்டு நெல்லிலும் பாரம்பரிய ரகங்களிலும் அதிகமாகவும், நவீன ரகங்களில் குறைவாகவும் காணப்படுவதைச் சுட்டியது. நிறைய உரம் இட்டு, அதிக விளைச்சலை மட்டும் அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுத்தபோது, நுண்ணுயிரோடு ஒத்து வாழும் குணம் ரகத் தேர்வாளர்களின் கணக்கில் வரவே இல்லை. இது சரிசெய்ய வேண்டிய குறை. சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழி காட்டுகிறது. நைட்ரேட்டை உறிஞ்ச உதவும் ஒரு மரபணுவின் வேறுபாட்டால், இண்டிகா வகை நெல் தன் வேரில் ஜப்போனிகா வகையைவிட அதிகமாகத் தழைச்சத்துச் சுழற்சிப் பாக்டீரியாக்களைச் சேர்த்துக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். எந்த நுண்ணுயிரைச் சேர்த்துக்கொள்வது என்ற குணமும் பரம்பரையாக வருவதால், அதையும் ரகத் தேர்வில் சேர்க்க முடியும்.

கனவின் இன்றைய நிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் பயிருக்குத் தரும் நைட்ரஜன் பயறு வகைகளின் வேர்முடிச்சுகள் தருவதற்கு ஈடாகாது. யூரியாவை முழுதாக நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் நம்பி முழு விளைச்சல் எடுக்க இயலாது. யூரியாவின் அளவைக் குறைக்க உதவும் என்பதே நேர்மையான மதிப்பீடு.

நைல் டெல்டாவின் நெல்

அந்த உதவி எப்படிப்பட்டது என்பதற்கு எகிப்து நல்ல எடுத்துக்காட்டு. நைல் டெல்டாவில் 700 ஆண்டுகளுக்கும் மேலாக நெல்லையும் பெர்சீம் என்ற தீவனப் பயிரையும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். பெர்சீம் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா வாழ்கிறது. இந்தச் சுழற்சியால் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து உரத்தில் 25 முதல் 33 விழுக்காடு மிச்சமாகிறது. பெர்சீம் தாள்கள் மட்கி மண்ணில் சேரும் நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் இவ்வளவு மிச்சம் வருவதில்லை. வேறொன்றும் நடக்கிறது என்று யூசுப் யான்னி, ஃபிராங்க் டாஸோ ஆகியோரின் குழு சந்தேகித்தது.

அவர்கள் பயன்படுத்திய உத்தி எளிமையானது. டெல்டா வயல்களின் நெல் வேர்களை மேற்பரப்புக் கிருமி நீக்கி அரைத்தார்கள். அந்தச் சாற்றை, கிருமியற்ற சூழலில் வளர்ந்த பெர்சீம் நாற்றுகளின் வேரில் இட்டார்கள். நெல் வேருக்குள் பெர்சீமின் ரைசோபியம் இருந்தால், அந்த நாற்றுகளில் முடிச்சுகள் தோன்ற வேண்டும். தோன்றின. கணக்கிட்டுப் பார்த்தபோது ஒரு கிராம் நெல் வேருக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் ரைசோபியங்கள் இருந்தன. பயறுக்குடும்பப் பயிருக்கே உரியது என்று கருதப்பட்ட பாக்டீரியா, அந்தப் பயிர் வயலில் இல்லாத காலத்தில் நெல்லுக்குள் குடியிருந்திருக்கிறது. 1997இல் இந்த முடிவு வெளியானது. தொடர்ந்து நடந்த சோதனைகளில், அந்த ரைசோபியத்தை நெல்லுக்கு இட்டபோது வேர் அமைப்பு மேம்பட்டது, சத்துகளை எடுத்துக்கொள்ளும் திறன் கூடியது, விளைச்சலும் உயர்ந்தது. காற்று நைட்ரஜனை நிலைப்படுத்தியதால் வந்த நன்மையைவிட வளர்ச்சி ஊக்கிகளால் வந்த நன்மையே பெரிது என்று தெரிந்தது.

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பாசிப்பயறும் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. நெல்லுக்குப் பின் பயறு என்ற அந்தப் பழக்கத்தை, பயறு வருமானத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு எகிப்தின் அனுபவம் வலுவான காரணம் தருகிறது.

நோயைத் தடுக்கும் விதம்

நெல்லைப் பெரிதும் சேதப்படுத்துபவை குலைநோய், இலையுறைக் கருகல், செம்புள்ளி ஆகிய பூஞ்சை நோய்களும், பாக்டீரியா இலைக்கருகல் நோயும். தழைச்சத்து மிகுந்து பயிர் கரும்பச்சையாக மதர்த்து நின்றால் இவற்றில் பலவும் கூடுகின்றன. பூஞ்சைக்கொல்லிகள் உதவுகின்றன, ஆனால் எச்சம் என்ற சிக்கல் கூடவே வருகிறது. குலைநோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் எச்சத்துக்கு, ஒரு கிலோ அரிசிக்கு 1 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த அந்தக் கட்டுப்பாடு இந்தியாவின் பாசுமதி ஏற்றுமதியை நேரடியாகத் தாக்கியது. இலைக்கருகல் நோய்க்கு மனித மருத்துவத்துக்குரிய நோயெதிர் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தெளிப்பது இன்னும் கவலைக்குரியது. அது நோய்க்கிருமியோடு சேர்த்து நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் கொல்லும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழிசெய்யும்.

உள்வாழ் பாக்டீரியா நோயைத் தடுப்பது பல வழிகளில் நடக்கிறது. முதலாவது, இடத்தைப் பிடித்துக்கொள்வது. நோய்க்கிருமி நுழையும் பிளவுகளிலும் செல் இடைவெளிகளிலும் முன்பே குடியேறி, அங்குள்ள உணவையும் எடுத்துக்கொள்வதால் வந்தேறிக்கு வாய்ப்புக் குறைகிறது. இரும்பைப் பற்றிக்கொள்ளும் சேர்மங்களைச் சுரந்து, நோய்க்கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்வதும் இதில் சேரும். தண்ணீர் நின்ற சேற்று மண்ணில் கரைந்த இரும்புக்குப் பஞ்சமில்லை என்பதால், இந்த உத்தி மானாவாரி நெல்லிலும் இலைப்பரப்பிலும் அதிகம் பயன்படும். இரண்டாவது, எதிர்ப்பொருள்களைச் சுரப்பது. பேசில்லஸ் வகைகள் பூஞ்சையின் செல் சவ்வைக் குலைக்கும் லிப்போபெப்டைடுகளைத் தருகின்றன. சூடோமோனாஸ் வகைகள் பீனசின் போன்றவற்றைத் தருகின்றன. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டினைக் கரைக்கும் நொதிகளும் உண்டு.

மூன்றாவது வழி பயிரின் சொந்த எதிர்ப்பாற்றலைத் தயார்நிலையில் வைப்பது. வேரில் பாக்டீரியா குடியேறியதும் பயிருக்குள் ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் ஆகியவை வழியாகச் செய்தி பரவுகிறது. பயிர் உடனே ஆயுதங்களைக் குவித்துச் சக்தியை வீணாக்குவதில்லை. பின்னர் இலையில் நோய்க்கிருமி இறங்கும்போது, முன்னறிவிப்புப் பெற்ற பயிர் விரைவாகவும் வலுவாகவும் எதிர்க்கிறது. வேரில் இட்ட பாக்டீரியா இலையில் வரும் குலைநோயைக் குறைப்பது இப்படித்தான்.

நான்காவதாக ஒன்று, சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து நெல் விதையிலிருந்து தெரியவந்தது. ஒரே நெல் ரகம் சில இடங்களில் நாற்றுக்கருகல் நோய்க்கு ஆளானது, சில இடங்களில் தப்பியது. மரபணுவில் வேறுபாடு இல்லாத பயிர் நோயில் வேறுபடுவது ஏன் என்று தேடியபோது, தப்பிய பயிர்களின் விதைக்குள் ஸ்பிங்கோமோனாஸ் மெலோனிஸ் என்ற பாக்டீரியா மிகுந்திருப்பது தெரிந்தது. அது தலைமுறை தலைமுறையாக விதை வழியே கடத்தப்பட்டு வந்திருக்கிறது. நோய்க்கு ஆளாகும் பயிருக்கு அதைக் கொடுத்தபோது அதுவும் நோயை எதிர்த்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வின் வியப்பான பகுதி, அது வேலை செய்யும் முறை. அந்தப் பாக்டீரியா ஆந்த்ரனிலிக் அமிலத்தைச் சுரக்கிறது. நாற்றுக்கருகலை உண்டாக்கும் பர்கோல்டேரியா பிளான்டாரி கிருமியை அந்த அமிலம் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியைக்கூடத் தடுப்பதில்லை. நஞ்சு சுரக்கும் ஏற்பாட்டை இயக்கும் கட்டுப்பாட்டுப் புரதத்தில் மட்டும் குறுக்கிடுகிறது. நோய்க்கிருமி உயிரோடு இருக்கிறது. நோய் உண்டாக்கும் திறன் மட்டும் அடங்கிப்போகிறது. கிருமி சாகாததால், மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற வகைகள் பெருகும் ஆபத்தும் இதில் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

விதை என்பது கருவும் மாவும் மட்டும் அடங்கியதில்லை என்பதை இந்தக் கண்டுபிடிப்பு நிலைநாட்டுகிறது. விதைநெல்லை எந்த வயலில், எந்தத் தூரில் இருந்து எடுப்பது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்த உழவர்கள், ரகத்தோடு சேர்த்து அதன் உள்வாழ் உயிர்களையும் தேர்ந்துகொண்டிருக்கக்கூடும். நோயில்லாத வயலில் இருந்து விதைநெல் எடுப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

தமிழ்நாட்டில்

நெல் நோய்களை பாக்டீரியாவால் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு நல்ல இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஞானமாணிக்கம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி. டபிள்யூ. மியூவுடன் சேர்ந்து, சூடோமோனாஸ் புளூரசன்ஸ் சுரக்கும் எதிர்ப்பொருளால் குலைநோய் கட்டுப்படுவதை 1992இல் விளக்கினார். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வித்யாசேகரன் குழுவினர் அதே பாக்டீரியாவை டால்க் பவுடரில் கலந்து, உழவர் கையில் கொடுக்கும் பொருளாக மாற்றினார்கள். ஆய்வகக் குடுவையில் இருக்கும் பாக்டீரியாவால் உழவருக்குப் பயனில்லை. பையில் அடைத்து மாதக்கணக்கில் உயிரோடு வைக்கத் தெரிந்ததுதான் பெரிய முன்னேற்றம். சூடோமோனாஸ் பெரும்பாலும் வேரின் மேற்பரப்பில் வாழ்வது. அதன் சில வகைகளே உள்ளேயும் போகின்றன. தழைச்சத்துக்காகப் பரிந்துரைக்கப்படும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவும் அப்படித்தான்.

சூடோமோனாஸைப் பயன்படுத்தும் முறை எளிது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து விதையை இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதைக்கலாம். நடவின்போது, வயலின் ஓரத்தில் 25 சதுர மீட்டர் பரப்பில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, எக்டேருக்கு 2.5 கிலோ என்ற கணக்கில் பவுடரைத் தூவிக் கலக்கி, பறித்த நாற்றுகளின் வேரை அதில் அரை மணி நேரம் வைத்து நட வேண்டும். பறித்த வேரின் காயங்கள் திறந்திருக்கும் நேரம் அது என்பதால், நன்மை செய்யும் பாக்டீரியா குடியேற அதைவிட நல்ல நேரம் இல்லை. அதே காரணத்தால், இலைக்கருகல் நோய் இருக்கும் பகுதிகளில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடக் கூடாது. நோய்க்கிருமிக்கும் காயமே வாசல்.

வயலில் தடுமாறும் இடங்கள்

ஆய்வகத்திலும் தொட்டியிலும் நன்றாக வேலை செய்யும் பாக்டீரியா, வயலில் சில சமயம் ஏமாற்றிவிடுகிறது. ஒவ்வொரு கைப்பிடி மண்ணிலும் ஏற்கனவே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புதிதாக இட்டது அவற்றோடு போட்டியிட்டு வேரை அடைய வேண்டும். மண்ணின் அமிலத்தன்மை, வெப்பம், தொழு உரத்தின் அளவு, நெல் ரகம் எல்லாம் முடிவை மாற்றுகின்றன. அந்தந்த வட்டாரத்து நெல்லிலிருந்தே பிரித்தெடுத்த வகைகளுக்கு இதில் கூடுதல் வாய்ப்பு உண்டு. எங்கிருந்தோ கொண்டுவரும் ஒரே பொட்டலம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

பாதுகாப்பும் பார்க்கப்பட வேண்டியது. நெல்லுக்குள் வாழ்ந்து நன்மை செய்யும் செராஷியா மார்சசென்ஸ், கிளெப்சியெல்லா, பர்கோல்டேரியா செபேசியா போன்றவற்றின் சில வகைகள், உடல் நலிந்த மனிதர்களுக்கு நோய் தரக்கூடியவை. அதனால் பயிருக்கு எவ்வளவு நல்லதானாலும் இவற்றை உயிர் உரமாக விற்க அனுமதிப்பதில் தயக்கம் இருப்பது நியாயமே. வீட்டுத் தோட்டத்திலோ வயலிலோ அடையாளம் தெரியாத பாக்டீரியாக்களைத் தாமே வளர்த்துத் தெளிப்பது நல்லதல்ல.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உயிர் உரங்களுக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை தரம் வகுத்திருக்கிறது. அதன்படி அசோஸ்பைரில்லம் தூளில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவத்தில் மில்லிலிட்டருக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். சூடோமோனாஸ் போன்ற உயிரியல் நோய்க்கொல்லிகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். உயிர் உரத்தையும் உயிரியல் நோய்க்கொல்லியையும் ஒன்றாகக் கலந்து விதைநேர்த்தி செய்யலாம். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்கக் கூடாது. பையை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே இருப்பது உயிர் என்பதால் காலாவதியான பை வெறும் பவுடர்தான். தயாரிப்புத் தேதி, காலாவதி நாள், பதிவு எண், செல் எண்ணிக்கை ஆகிய நான்கும் அச்சிடப்படாத பையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.